ஏழு நாள் முகாமில் ஊர்ப் பள்ளிக்கு என்னதான் செய்வது?

வெண்ணாற்றங்கரை · டிசம்பர் 3, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். திருவாரூர் மாவட்டத்துக் கலைக் கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டு வரலாறு படிக்கிறேன். எங்கள் நாட்டு நலப்பணித் திட்ட அலகுக்கு இந்த ஆண்டு மாணவர் செயலராக இருக்கிறேன்.

சென்ற பிப்ரவரியில் எங்கள் அலகைச் சேர்ந்த 50 பேர், கல்லூரியிலிருந்து 18 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஒரு சிற்றூரில் ஏழு நாள் சிறப்பு முகாம் நடத்தினோம். அங்குள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் சுவர்களுக்கு வண்ணம் பூசினோம். தூணுக்கு ஒரு குறள் எழுதினோம். வேலியோரம் 40 மரக்கன்றுகளை நட்டோம். நிறைவு விழாவில் ஊராட்சித் தலைவர் பாராட்டிப் பேசினார். கல்லூரி ஆண்டு மலரில் இரண்டு பக்கம் படங்கள் வந்தன.

சென்ற வாரம் அடுத்த முகாம் பற்றிப் பேசுவதற்காக அதே பள்ளிக்குச் சென்றேன். ஐப்பசி மழையில் சுவரின் வண்ணம் இடுப்பு உயரம் வரை கொப்புளித்து உதிர்ந்திருந்தது. நான் எழுதிய தூணில் குறளின் முதலடி இருந்தது. இரண்டாமடி பொருக்குப் பொருக்காகத் தரையில் கிடந்தது. கன்றுகளில் மூன்று மட்டும் பிழைத்திருந்தன, மூன்றும் புங்கன். தலைமையாசிரியை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. உட்காரச் சொல்லித் தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். அதுதான் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

அந்தப் பள்ளியில் 38 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். வரும் பிப்ரவரியில் மீண்டும் 50 பேர் அங்கே போகப் போகிறோம். இந்த முறையும் வண்ணம் பூசலாம் என்றுதான் பெரும்பாலோர் சொல்கிறார்கள். வேறு என்ன செய்யலாம் என்று, பள்ளியையும் முகாமையும் உள்ளிருந்து அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.


சாரப்பலகை · டிசம்பர் 3, இரவு 10.25

தம்பி, நான் கட்டுமானத் துறையில் 20 ஆண்டுகளாக இருப்பவன். உங்கள் சுவருக்கு வந்திருப்பது ஓதம். கறை மேலிருந்து கீழே இறங்கியிருந்தால் அது தளத்து ஒழுக்கு. தரையிலிருந்து இடுப்பு வரை ஏறியிருந்தால் அடித்தளத்தின் வழியாக உறிஞ்சப்பட்ட நிலத்தடி ஈரம். ஆற்றுப் படுகை ஊர்களில் மழைக்காலத்தில் கையளவு தோண்டினாலே நீர் ஊறும். அந்த ஈரம் மண்ணிலுள்ள உப்பையும் சுமந்துகொண்டு சுவருக்குள் ஏறுகிறது. சுண்ணாம்பு அடித்த சுவராக இருந்தால் ஈரம் வெளியே ஆவியாகிவிடும். நீங்கள் எமல்ஷன் பூசி அதன் வாயை அடைத்துவிட்டீர்கள். உள்ளே சிக்கிய உப்பு பூத்து வண்ணத்தை வெளியே தள்ளியிருக்கிறது. அதன்மேல் பட்டி பார்த்து மறுபடியும் பூசினால் அடுத்த ஆண்டும் இதே கதைதான்.

உதிர்ந்த இடத்தைச் சுரண்டி, பூத்திருக்கும் உப்பை ஈரமில்லாத துடைப்பத்தால் தட்டியெடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு மறுபடியும் உள்ளேயே போகும். காய்ந்த பிறகு கீழ்ப்பகுதிக்குச் சுண்ணாம்பு மட்டும் அடியுங்கள். சுவரோரம் மண் மேடிட்டிருந்தால் வெட்டிச் சரித்துவிடுங்கள். பிறகு மொட்டைமாடியிலிருந்து மழைநீர் இறங்கும் குழாயின் வாயைப் பாருங்கள். அருகில் மரம் இருந்தால் கட்டாயம் இலையால் அடைந்திருக்கும். அரைமணி நேர வேலைதான். படத்தில் நன்றாகத் தெரியாது என்பதால் யாரும் செய்வதில்லை.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்ததை மறந்துவிடாதீர்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியிலும், விரிசல் கண்ட சுவருக்கு அருகிலும் மாணவர்களை ஏற்றவோ நிறுத்தவோ கூடாது. அதற்குக் கொத்தனார் ஒருவரைக் கூலி கொடுத்து அழையுங்கள்.


மூன்றாம் மாடி · டிசம்பர் 4, காலை 6.50

நான் ஆறு ஆண்டுகள் திட்ட அலுவலராக இருந்த பேராசிரியர். செயலர் எழுப்பிய கேள்வியை நாங்கள் எழுப்பியிருக்க வேண்டும் என்ற கூச்சத்தோடு எழுதுகிறேன்.

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தியடிகளின் நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களோடு தொடங்கப்பட்டது. அதன் விதிப்படி ஒரு தொண்டர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம், அதாவது ஆண்டுக்கு 120 மணி நேரம், பணி செய்ய வேண்டும். ஏழு நாள் முகாம் அதற்கு மேல் வருவது. நடைமுறையில் நாம் முகாமைத் திருவிழாவாக்கிவிட்டோம். அந்த 120 மணி நேரமோ கல்லூரி விழாவில் நாற்காலி போடுவதிலும், வாயிலில் நின்று விருந்தினரை வரவேற்பதிலும், வளாகத்தில் புல் வெட்டுவதிலும் கரைகிறது. என் காலத்திலும் அப்படித்தான் கரைந்தது. வருகைப் பதிவேட்டில் எல்லாம் ஒழுங்காகக் கையெழுத்தாகியிருந்தது.

ஆகவே என் யோசனை, ஏழு நாளில் எதைச் செய்து முடிப்பது என்று தேடுவதை விட்டுவிட்டு, ஆண்டு முழுவதும் தொடரக்கூடிய எதை அந்த ஏழு நாளில் தொடங்குவது என்று பள்ளியோடு கலந்து பேசுங்கள் என்பதே. 18 கிலோமீட்டர் நாள்தோறும் போய்வர முடியாத தூரம் அன்று.

மரக்கன்று பற்றியும் ஒரு சொல். மாசியில் கன்று நட்டுவிட்டுச் சித்திரையில் யார் நீர் ஊற்றுவது? முகாம் பிப்ரவரியில் வருகிறது என்பதற்காக மரமும் பிப்ரவரியில் வேர்விடாது.


உரிமைக்குரல் · டிசம்பர் 4, காலை 11.15

இங்கே எல்லோரும் சுண்ணாம்பையும் குழாயையும் பற்றிப் பேசுகிறீர்கள். அடிப்படைக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிவறை, பாதுகாப்பான குடிநீர், விளையாட்டிடம், நூலகம் ஆகியவை இருக்க வேண்டும் என்று கூறுகிறது. இவை யாருடைய கருணையும் அல்ல, கடமை. மாணவர்கள் வந்து ஒட்டுப்போட்டுவிட்டுப் போனால், ஒன்றிய அலுவலகத்தில் அந்தப் பள்ளி 'சீரமைக்கப்பட்டது' என்ற கணக்கில் சேர்ந்துவிடும். நகரத்துத் தனியார் பள்ளியில் பெற்றோர் கேட்டதும் பழுது நீங்குகிறது; ஊர்ப் பள்ளியில் மட்டும் ஏன் கல்லூரி மாணவன் வந்து சுவரைச் சுரண்ட வேண்டும்?


கரும்பலகை · டிசம்பர் 4, மாலை 5.30

ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் பணியாற்றிச் சென்ற ஆண்டு ஓய்வு பெற்ற தலைமையாசிரியை நான். பலவற்றைப் பற்றி எழுத வேண்டியிருப்பதால் சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், அந்தத் தலைமையாசிரியை உங்களைக் குறை சொல்லாமல் தேநீர் கொடுத்ததன் காரணத்தைச் சொல்கிறேன் தம்பி. யார் வந்தாலும் நாங்கள் அப்படித்தான் நடந்துகொள்வோம். வருபவர்கள் நல்ல எண்ணத்தோடு வருகிறார்கள்; 'வேண்டாம்' என்றால் அடுத்த முறை வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். என் பள்ளிக்கும் இரண்டு முகாம்கள் வந்தன. இரண்டு முறையும் என்னிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி, எந்தச் சுவரில் எழுதலாம் என்பதுதான். சட்டப்படி தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாளும் 800 மணி நேரக் கற்பித்தலும் வேண்டும். உங்கள் முகாமின் ஏழு நாளில் ஐந்து நாள் அந்த 200-இல் இருந்துதான் எடுக்கப்படுகிறது. அந்த ஐந்து நாளும் பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பதில் கழியும்.

இரண்டாவது, 38 பிள்ளைகளுக்கு இரண்டு ஆசிரியர் என்றால் கணக்குக்கு நன்றாகத்தான் இருக்கிறது. 60 பிள்ளைகள் வரை இருவர் என்பதே சட்டத்தின் அளவு. ஆனால் வகுப்புகள் ஐந்து. ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால் மற்றவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டும். 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பித்தோம். நல்ல முறைதான், ஆனால் நிலை பிரித்த பிறகு ஒவ்வொரு நிலையோடும் உட்காரக் கையில் ஆள் வேண்டுமே. ஒரு பிள்ளை ஒரு பக்கத்தை முழுவதுமாக வாசிப்பதை, இடையில் வேறு பக்கம் திரும்பாமல், பத்து நிமிடம் உட்கார்ந்து கேட்க எனக்குப் பல வாரங்கள் வாய்ப்பே கிடைத்ததில்லை.

உங்களிடம் 50 பேர் இருக்கிறார்கள், பிள்ளைகள் 38. உங்களால் மட்டுமே செய்யக்கூடிய வேலை இதுதான். பாடம் நடத்தாதீர்கள், அதற்கு நாங்கள் இருக்கிறோம். ஒரு பிள்ளைக்கு ஒருவராக உட்கார்ந்து வாசிப்பதைக் கேளுங்கள். தவறினால் உடனே திருத்தாமல் காத்திருங்கள். எந்த எழுத்தில் தடுமாறினார்கள் என்று ஒரு தாளில் குறித்து ஆசிரியரிடம் கொடுங்கள். அந்த 38 தாள்களுக்காக நான் இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்திருப்பேன்.

மூன்றாவது, பள்ளியில் ஒரு இரும்பு அலமாரி இருக்கும். அதில் கதைப் புத்தகங்கள் இருக்கும். அது பூட்டியிருக்கும். தலைமையாசிரியருக்கு வாசிப்பில் அக்கறை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இருப்புப் பதிவேட்டில் எண்ணோடு எழுதப்பட்ட புத்தகம் தணிக்கையில் குறைந்தால் கேள்வி எங்களிடம்தான் வரும். மாறுதலில் போகும்போது ஒவ்வொன்றாக எண்ணி ஒப்படைக்க வேண்டும். பிள்ளை கையில் போன புத்தகம் கிழியும், மழையில் நனையும், தம்பிப் பாப்பா வாயில் போகும். என் முதல் பள்ளியில் காணாமல் போன ஒன்பது புத்தகங்களுக்கு நான் கைப்பணம் கட்டினேன். அதன்பிறகு நானும் பல ஆண்டுகள் பூட்டித்தான் வைத்திருந்தேன். பின்னாளில், கிழிந்ததையும் தொலைந்ததையும் ஆண்டுக்கு ஒருமுறை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்துத் தீர்மானமாக எழுதும் பழக்கத்தைக் கொண்டுவந்தேன். நான் தனியாகப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்ற துணிவு வந்த பிறகுதான் அலமாரி திறந்தது. உங்கள் மாணவர்கள் அந்தப் புத்தகங்களைக் கணக்கெடுத்து அட்டை போட்டு, பதிவேட்டோடு ஒப்பிட்டுக் கொடுத்தால் அந்த அம்மாவுக்குப் பெரிய உதவி.

உரிமைக்குரல் அவர்களுக்கு: நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. ஆனால் அந்த ஒழுக்குக் குழாய்க்காக நான் எழுதிய கடிதங்கள் ஒரு கோப்பு அளவுக்குச் சேர்ந்தன. அந்தக் கோப்பின்மீதும் ஒழுகிற்று.


ஆலமரத்தடி · டிசம்பர் 5, பிற்பகல் 2.10

நான் எங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊரிலும் முகாம் நடந்தது. மூன்று செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

பேனரில் 'தத்தெடுத்த கிராமம்' என்று போடாதீர்கள். எங்கள் ஊருக்குத் தாய் தகப்பன் இருக்கிறார்கள்.

எங்கள் பிள்ளைகளின் முகத்தைப் படமெடுத்து உங்கள் வாட்ஸாப் நிலைத்தகவலில் போடாதீர்கள். என் மகள் கிழிந்த சட்டையோடு நிற்கும் படம் எனக்குத் தெரியாத யாருடைய கைபேசியிலோ இருக்கிறது. அன்று அவள் ஓடிப்பிடித்து விளையாடியதில் சட்டை கிழிந்தது. படத்தின் கீழே எழுதியிருந்ததோ வேறு.

விழிப்புணர்வுப் பேரணி எந்தத் தெரு வழியாகப் போகும் என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் அது கோயில் தெருவையும் கடைத்தெருவையும் சுற்றிவிட்டுத் திரும்பிவிட்டது. பள்ளியில் பாதிப் பிள்ளைகள் காலனித் தெருவிலிருந்து வருபவர்கள். அவர்கள் பதாகையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அவர்கள் வீட்டு வாசலில் மட்டும் பேரணி வரவில்லை. மாணவர்கள் வேண்டுமென்று செய்யவில்லை, வழிகாட்டியவர் காட்டிய வழியில் போனார்கள். அதற்காகத்தான் முன்பே கேளுங்கள் என்கிறேன்.


புதுகைக்காரர் · டிசம்பர் 5, இரவு 8.45

ஆலமரத்தடி அம்மா எழுதியதைப் படித்ததும் என் பழைய நினைவு ஒன்று வந்தது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது நான் கல்லூரி மாணவன். ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தார். பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டது அந்த நாட்களில்தான். நான் கல் உடைக்கும் குடும்பங்கள் இருந்த ஒரு குடியிருப்பில் இரவுதோறும் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு எழுத்துக் கற்பித்தேன்.

எங்களுக்கு முகாம் கிடையாது, நிறைவு விழா கிடையாது. நான் பக்கத்து ஊர்க்காரன் என்பதால் மாதக்கணக்கில் போக முடிந்தது. கல்லில் கை காய்த்துப்போன ஓர் அக்காள் தன் பெயரை எழுத 11 இரவுகள் எடுத்துக்கொண்டார். பன்னிரண்டாம் நாள் நான் போகாமலிருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைப்பதுண்டு. அதேபோல் எங்கள் பிழையையும் சொல்ல வேண்டும். எழுத்தைக் கற்றுக்கொடுத்த நாங்கள், படித்துப் பழக அவர்கள் கையில் போதிய புத்தகங்களைக் கொடுக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்துப் போனபோது அந்த அக்காள் பேருந்தின் பெயர்ப்பலகையை வாசித்தார், அதற்கு மேல் மறந்துபோயிருந்தது. எனவே கரும்பலகை அம்மையார் சொன்ன அலமாரியை முதலில் திறந்துவிடுங்கள்.


மாலைவகுப்பு · டிசம்பர் 6, காலை 7.30

இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தவள் நான். 2021 அக்டோபரில் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் அந்தத் திட்டம் தொடங்கப்பட்டது. எங்கள் ஊரில் என் வீட்டுத் திண்ணையில் 19 பிள்ளைகள் மாலை வேளையில் வந்து உட்காருவார்கள். மாதம் 1,000 ரூபாய் கொடுத்தார்கள். அதில் பாதி சாக்கட்டிக்கும் வண்ணத் தாளுக்கும் போனது என்பது வேறு செய்தி.

ஒருமுறை கல்லூரி மாணவர்கள் இரண்டு நாள் வந்து மடிக்கணினி, பொம்மலாட்டம், பலூன் என்று அமர்க்களப்படுத்தினார்கள். பிள்ளைகள் மகிழ்ந்தார்கள், நானும் மகிழ்ந்தேன். அவர்கள் போன மறுநாள், 'அண்ணா எப்போது வருவார்?' என்று கேட்டுக்கொண்டு என் திண்ணையில் ஒருவரும் அடங்கி உட்காரவில்லை. பழைய நிலைக்குத் திரும்ப எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. உங்கள் ஊரிலும் பிள்ளைகளோடு மாலையில் உட்காரும் ஒரு பெண் இருப்பார். அவருக்குப் பக்கத்தில் உட்காருங்கள். அவர் இடத்தில் உட்காராதீர்கள்.


உரிமைக்குரல் · டிசம்பர் 6, காலை 10.05

கரும்பலகை அம்மையாரின் கோப்பு ஒழுகிய கதையைப் படித்த பிறகு என் கருத்தைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்கிறேன், கைவிடவில்லை. மாணவர்கள் துடைப்பத்தோடு பேனாவையும் எடுக்கட்டும். ஜனவரி 26 அன்று கிராம சபை கூடும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்குக்குக் குறையாமல் பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதுவதும் அவர்கள் பொறுப்பு. கழிவறைக்குத் தண்ணீர் வருகிறதா, தொட்டி எத்தனை லிட்டர், மோட்டார் எப்போது பழுதானது என்பதை அளந்து எழுதிக் குழுவின் கையில் கொடுங்கள். சபையில் அவர்கள் பேசட்டும், நீங்கள் பேச வேண்டாம். முகாம் பிப்ரவரியில் என்பதால் இதற்கு நீங்கள் முன்கூட்டியே போக வேண்டும்.


வெண்ணாற்றங்கரை · டிசம்பர் 10, இரவு 9.20

அனைவருக்கும் நன்றி. நேற்று ஆறு பேர் பள்ளிக்குப் போனோம். எந்தத் திட்டத்தையும் எடுத்துச் செல்லாமல், 'உங்களுக்கு என்ன வேண்டும் அம்மா?' என்று மட்டும் கேட்டோம். தலைமையாசிரியை முதலில் வழக்கம்போல் 'நீங்கள் எது செய்தாலும் சரி' என்றார். பிறகு நான் அலமாரி பற்றிக் கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சாவியை எடுத்து வந்தார்.

அதன்பிறகு அவரே சொன்ன வேலைகள் இவை: மாடிக் குழாய், புத்தகக் கணக்கு, கை கழுவும் இடத்தில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குக் குழாய் எட்டவில்லை, ஏறி நிற்க ஒரு படி, கழிவறைத் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டார். வண்ணம் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. கல்வி மேலாண்மை இணையதளத்தில் விவரங்களைப் பதிவேற்ற ஆள் கிடைத்தால் நல்லது என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னார். அதைச் செய்யலாமா?


கரும்பலகை · டிசம்பர் 10, இரவு 9.55

செய்யக் கூடாது தம்பி. பிள்ளைகளின் விவரம் அதில் இருக்கிறது. கடவுச்சொல்லை அவர் யாரிடமும் கொடுக்கக் கூடாது. அவர் பதிவேற்றும் அந்த ஒரு மணி நேரம் நீங்கள் பிள்ளைகளோடு தாழ்வாரத்தில் உட்கார்ந்து வாசிக்கக் கேளுங்கள். அதுவே உதவி.


வெண்ணாற்றங்கரை · மார்ச் 18, இரவு 10.10

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன். முகாம் பிப்ரவரி முதல் பாதியில் முடிந்தது.

50 பேரும் ஒரே நேரத்தில் பள்ளிக்குள் போகவில்லை. காலை 9.30 முதல் 10.10 வரை 38 பேர் மட்டும் தாழ்வாரத்திலும் புங்க மரத்தடியிலும் ஒரு பிள்ளைக்கு ஒருவராக உட்கார்ந்தோம். அதன்பின் வகுப்புக்கு இடையூறு இல்லாமல் வெளியே வந்துவிட்டோம்.

முதல் நாள் எனக்கு வாய்த்தது நான்காம் வகுப்புச் சிறுமி. பாடநூலைத் திறந்து ஒரு பக்கத்தைத் தங்குதடையின்றி, ஏற்ற இறக்கத்தோடு வாசித்தாள். இவளுக்கு நான் எதற்கு என்று நினைத்தேன். அப்போதுதான் அவள் விரலைக் கவனித்தேன். வாய் நான்காம் வரியில் இருந்தது, விரல் இரண்டாம் வரியில் நகர்ந்துகொண்டிருந்தது. அலமாரியிலிருந்து எடுத்த ஒரு சிறு கதைப் புத்தகத்தைக் கொடுத்தேன். முதல் சொல்லிலேயே நின்றுவிட்டாள். அவள் தமிழ்ப் பாடம் முழுவதையும் காதால் கேட்டு மனப்பாடம் செய்திருந்தாள். கொம்பு, இரட்டைக் கொம்பு வரும் எழுத்துகளில் எதையும் தனியாக அடையாளம் காணத் தெரியவில்லை. தாளில் எழுதித் தலைமையாசிரியையிடம் கொடுத்தபோது, 'எனக்குச் சந்தேகம் இருந்தது, சோதித்துப் பார்க்க அவளோடு உட்கார முடியவில்லை' என்றார். அப்படி ஐந்து பிள்ளைகள் இருந்தார்கள்.

அலமாரியில் பதிவேட்டுப்படி 412 புத்தகங்கள், எண்ணியபோது 397. கரையான் தின்றவை நான்கு. மீதி எங்கே என்று தெரியவில்லை. மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அதைத் தீர்மானமாக எழுதினார்கள். வகுப்பறையில் கொடி கட்டி 60 புத்தகங்களைத் தொங்கவிட்டிருக்கிறோம். தரையில் உட்கார்ந்தபடியே எட்டி எடுக்கும் உயரம்.

மாடிக் குழாயைக் கொத்தனார் ஏறித் திறந்தார். மூன்று சட்டி இலைமண், இரண்டு ரப்பர் பந்து, ஒரு சிலேட்டுத் துண்டு, ஒற்றைச் செருப்பு ஆகியவை வந்தன. பந்துகளுக்கு உடனே உரிமை கோரி ஆறு பேர் வந்தார்கள். செருப்புக்கு யாரும் வரவில்லை. சுவரின் கீழ்ப்பகுதிக்குச் சுண்ணாம்பு அடித்தோம், கல்லூரியில் 'படம் எங்கே?' என்று கேட்டார்கள். பேரணியைக் காலனித் தெருவில் தொடங்கி அங்கேயே முடித்தோம்.

நடக்காததையும் சொல்லிவிடுகிறேன். மோட்டாருக்கான தீர்மானம் ஜனவரி 26 கிராம சபையில் நிறைவேறியது. மோட்டார் இன்னும் வரவில்லை. செவ்வாய், வியாழன் மாலைகளில் தொடர்ந்து போவது என்று 12 பேர் பெயர் கொடுத்தார்கள். நான்காம் வாரத்தில் ஏழு பேர் ஆனார்கள், ஏழில் ஆறு பேர் மாணவியர். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது ஒரு காரணம். ஆண்களுக்குச் சோம்பல் என்பது இன்னொன்று, என்னையும் சேர்த்து.


மூன்றாம் மாடி · மார்ச் 19, காலை 6.30

அந்த மாலை நேரங்களை 120 மணி நேரக் கணக்கில் முறையாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். நாற்காலி போட்டதற்குக் கையெழுத்து இட்ட அதே பதிவேடுதான், தயங்க வேண்டாம். கோடை விடுமுறையில் என்ன ஏற்பாடு?


வெண்ணாற்றங்கரை · மார்ச் 19, இரவு 8.15

விடுமுறையில் புத்தகங்களை வீட்டுக்குக் கொடுத்து அனுப்பத் தலைமையாசிரியை ஒப்புக்கொண்டிருக்கிறார், ஆளுக்கு இரண்டு. அந்த ஊரில் மாலையில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொள்ளும் அக்காளின் வீட்டில் மாற்றிக்கொள்ளலாம். குழாயை மீண்டும் செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை, மழைக்கு முன் திறக்க வேண்டும். நான் அப்போது மூன்றாம் ஆண்டு, திட்டத்தில் இருக்க மாட்டேன். புதிய செயலரிடம் சொல்லியிருக்கிறேன். அருகில் இருப்பவர்கள் யாராவது வர முடியுமா?


சாரப்பலகை · மார்ச் 19, இரவு 9.00

நான் வருகிறேன். பள்ளியில் ஏணி இருக்கிறதா?


வெண்ணாற்றங்கரை · மார்ச் 19, இரவு 9.12

இருக்கிறது ஐயா. ஆனால் மேலிருந்து மூன்றாவது படி உடைந்திருக்கிறது. உங்களுடையதைக் கொண்டுவாருங்கள்.